தம்பி சபைக்குப் போய்விட்டார். அவரோடு பேசிப் பயன் உண்டா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அப்பா இறந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. தம்பி பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டார். வருஷத் திவசத்தில் கற்பூரம் காட்ட மாட்டேன், படையல் சாப்பாட்டைத் தொட மாட்டேன் என்கிறார். பேச உட்கார்ந்தாலே சண்டை, அம்மா அழுகிறார். நேரெதிர் நம்பிக்கை உள்ளவர்கள் வெளிப்படையாகப் பேசி யாராவது எதையாவது சாதித்திருக்கிறார்களா, இல்லை வாயை மூடிக்கொண்டு உறவைக் காப்பாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனமா என்று கேட்கிறீர்கள். சபை பாஸ்டரையும் கோயில் பெரியவரையும் நேருக்கு நேர் உட்கார வைத்து வாதம் செய்யவிட்டால் தீர்ந்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். எழுத்தில் இருப்பது, பேச்சுக்குப் பயன் உண்டா என்பது. மனதில் இருப்பது, பேசிப் பேசித் தம்பியைத் திரும்ப அழைத்துவர முடியுமா என்பது என்று நினைக்கிறேன். இரண்டும் வேறு கேள்விகள், விடையும் வேறு. டர்பனில் குடும்பத் தகராறுகளிலும் அக்கம்பக்கத் தகராறுகளிலும் மத்தியஸ்தம் செய்வது என் வேலை. அதற்கென்று பயிற்சி பெற்றவன், ஆனால் சமய நூல்களில் பண்டிதன் கிடையாது. ஒருவர் மனதார ஏற்றுக்கொண்ட நம்பிக்கையை இன்னொருவர் வாதாடி மாற்றியதை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. பேசினால் கிடைப்பது வேறு ஒன்று. எதிரே இருப்பவர் எதை விட்டுக்கொடுக்கவே மாட்டார், எதை விட்டுக்கொடுப்பார், எதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை என்பது தெரிய வரும். பேசாதவரை எல்லாமே விட்டுக்கொடுக்க முடியாததாகத்தான் தோன்றும். ஒரே குடும்பமாக இருப்பதற்கு இந்த விவரம் போதும். ஒரே கருத்துக்கு வர வேண்டிய அவசியம் இல்லை.

யாராவது எதையாவது சாதித்திருக்கிறார்களா என்றால், நம் தென்னாப்பிரிக்காவிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 1993-ல் ஜெனரல் கான்ஸ்டண்ட் ஃபில்யூன் என்பவரைப் பற்றிப் பெரிய பயம் இருந்தது. ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆப்ரிகான்ஸ் மொழி பேசும் வெள்ளையர்களான ஆப்ரிகானர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்று நின்றவர். கூப்பிட்டால் துப்பாக்கியோடு வரப் பல்லாயிரம் பேர் தயாராக இருந்தார்கள். அவருக்கு ஒரு இரட்டைச் சகோதரர், பெயர் பிராம். அவர் இறையியல் படித்தவர், நிறவெறி ஆட்சியை வெளிப்படையாக எதிர்த்தவர். ஒரே கருவில் பிறந்த இருவருக்கும் அரசியலில் பல வருஷமாக ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் அண்ணன் தம்பி என்ற முறையில் கான்ஸ்டண்ட் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, "நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்க பிராமால் முடிந்தது. மண்டேலாவைச் சந்திக்கலாமே என்று சொன்னவரும் அதற்கு வழி செய்தவரும் அவர்தான். ஜோகன்னஸ்பர்க்கில் மண்டேலாவின் வீட்டில் சந்திப்பு நடந்தது. மண்டேலா தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார், சிறையில் படித்துத் தேறிய ஆப்ரிகான்ஸில் பேசினார். சண்டை வந்தால் ஜெயிப்பவர் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு மாதக்கணக்கில் பல சுற்றுப் பேச்சு.

முடிவு என்ன? தேர்தலுக்கு நாலு நாள் முன்பு, 1994 ஏப்ரல் 23-ம் தேதி, ஆப்ரிகானர் சுயநிர்ணயம் பற்றி மேற்கொண்டு பேசலாம் என்று ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஃபில்யூன் தான் ஆரம்பித்திருந்த கட்சியோடு தேர்தலில் நின்று 2 சதவீதத்துக்குச் சற்று மேல் ஓட்டு வாங்கி, 9 இடங்களோடு பாராளுமன்றத்துக்குப் போனார். மண்டேலா தனி நாட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. ஃபில்யூனும் அந்த ஆசையைக் கைவிட்டதாகச் சொல்லவில்லை. யாரும் யாரையும் மாற்றவில்லை, ஆனால் நடக்க இருந்த யுத்தம் நடக்கவில்லை. இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். தேநீரும் பேச்சும் மட்டுமே இதைச் செய்தன என்றால் அது முழு உண்மை ஆகாது. நிறவெறி அரசு கறுப்பர்களுக்கென்று பிரித்துவைத்த பொபுதட்சுவானா என்ற பகுதியில், அதன் ஆட்சியைக் காப்பாற்ற 1994 மார்ச்சில் ஃபில்யூனின் ஆட்கள் இறங்கியபோது, கட்டுப்பாடில்லாத இன்னொரு வெள்ளையர் கும்பல் உள்ளே புகுந்து எல்லாம் குழம்பிப்போனது. ஆயுதத்தால் ஆகாது என்பது அவருக்கு அங்கே கண்ணெதிரில் தெரிந்தது. அந்த நேரத்தில் திரும்பிப் போக ஒரு வழி திறந்திருந்ததே, அதற்குக் காரணம் முந்தைய மாதங்களின் பேச்சு. இவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடியும், எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

ஆராய்ச்சிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிரெதிர்க் கூட்டத்தார் பழகினால் வெறுப்பு குறையும், ஆனால் சமமான இடத்தில், பொதுவான ஒரு வேலைக்காக, மேலே இருப்பவர்களின் ஆதரவோடு பழக வேண்டும் என்று 1954-ல் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். 2006-ல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இருவர், பழகினால் வெறுப்பு பெரும்பாலும் குறைகிறது, அந்த நிபந்தனைகள் கட்டாயம் இல்லை, ஆனால் இருந்தால் இன்னும் நன்றாகக் குறைகிறது என்றார்கள். நம் கேப்டவுன் பல்கலைக்கழக விடுதியில், யாருக்கு யார் அறைத்தோழர் என்பது தற்செயலாக அமைந்ததை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். வேற்று இனத்தவரோடு ஒரே அறையில் இருந்த வெள்ளை மாணவர்களுக்குக் கறுப்பர் பற்றிய தப்பெண்ணம் குறைந்திருந்தது. வேற்று இன அறைத்தோழரோடு இருந்த கறுப்பு மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்திருந்தது. இவை ஓரளவு உறுதியானவை. ஆனால் இந்த ஆய்வுகள் அளந்தது, எதிரே இருக்கும் மனிதரைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணத்தை. கடவுளைப் பற்றிய நம்பிக்கை மாறுமா என்பதை அவை அளக்கவில்லை. அதை வைத்து உங்கள் தம்பி மனம் மாறுவார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பேச்சால் என்ன தெரிய வரும் என்பதற்கு ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். டோங்காட் பக்கம், அண்ணன் கோயில் குழுவில் இருப்பவர், தைப்பூசக் காவடி தவறாதவர். தம்பி சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர். அம்மா தம்பி வீட்டில் இருந்தார். தகராறு விளக்கைப் பற்றி. "என் வீட்டில் சாமி விளக்கு எரியக் கூடாது" என்று தம்பி சொன்னதாக அண்ணன், "அம்மாவை வைத்து என் வீட்டைக் கோயிலாக்கப் பார்க்கிறார்" என்று தம்பி. முதல் சந்திப்பு முழுக்க விளக்கு, விக்கிரகம், வேத வசனம் என்றே போனது. அடுத்த சந்திப்பில் ஒரு விதி வைத்தேன். பதில் சொல்வதற்கு முன், எதிரே இருப்பவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உங்கள் முறை. கேட்கச் சுலபமாக இருக்கும். அந்த அண்ணனுக்குத் தம்பி சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொல்லவே நாலு தடவை ஆனது, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் "அதாவது எங்களைப் பேய் கும்பிடுகிறவர்கள் என்கிறாய்" என்று முடித்துக்கொண்டிருந்தார். தம்பி அப்படிச் சொல்லவே இல்லை.

எல்லோரும் சற்று அடங்கிய நேரத்தில் அதுவரை பேசாமல் இருந்த அம்மா கேட்டார்: "எனக்குக் கொள்ளி யாருப்பா வைப்பீங்க?" அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் என்பது நம் பல வீடுகளில் இன்னும் இருக்கும் வழக்கம். அந்த அம்மாவுக்கு விளக்கு பெரிய விஷயமாக இருக்கவில்லை. தனக்குச் செய்ய வேண்டிய பிள்ளை செய்ய மாட்டான், தான் அநாதையாகப் போவோம் என்ற பயம் அவரை ராத்திரி தூங்கவிடாமல் வைத்திருந்தது. தம்பியோ, இயேசுவை ஏற்றுக்கொண்டதால் அம்மாவுக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. மந்திரம் சொல்ல மாட்டேன், கற்பூரம் ஏற்ற மாட்டேன், ஆனால் அம்மாவை நான்தான் தூக்குவேன், கடைசி வரை கூடவே நிற்பேன் என்றார் தம்பி. சடங்கை அண்ணனின் மகன் செய்வது, சித்தப்பா அவன் தோளில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது என்று முடிவானது. விளக்குக்கும் வழி பிறந்தது. அது அம்மாவின் அறையில் எரியும். எண்ணெய் தம்பி வாங்கித் தருவார், ஏற்ற மாட்டார். அண்ணன் இன்றும் காவடி எடுக்கிறார், தம்பி இன்றும் சபைக்குப் போகிறார்.

உங்கள் வீட்டிலும் இதேதான் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா எதற்காக அழுகிறார் என்று அவரிடமே யாராவது கேட்டீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். தம்பியிடமும் ஒன்று கேட்டுப் பாருங்கள்: சபைக்கு ஏன் போனார், எப்போது போனார். இங்கே நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலும் அதற்குக் காரணம் வேத வசனமாக இருந்ததில்லை. வேலை போனபோது, குடி விடாதபோது, ஆஸ்பத்திரியில் ஒருவர் கிடந்தபோது யார் வந்து நின்றார்கள் என்பதாகவே இருந்திருக்கிறது. கூட்டுக் குடும்பமாக இருந்தவர்களை, எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று விதித்த இனவாரிப் பகுதிச் சட்டம் 1960-களில் பிரித்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து கொட்டியபோது, வீடுவீடாக வந்து ஜெபம் பண்ணிய சபைகள் வளர்ந்ததும் இந்தக் காரணத்தால்தான் என்று எழுதிய ஆய்வாளர்கள் உண்டு. 'நம் குடும்பத்தில் இப்படி ஒருவன் வந்துவிட்டானே' என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். 1860 நவம்பர் 16-ம் தேதி சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை ஏற்றிக்கொண்டு டர்பன் வந்து சேர்ந்த முதல் கப்பலான ட்ரூரோவிலேயே இந்துக்களோடு கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழா பெரிய வெள்ளியன்று நடக்கிறது, கரும்புத் தோட்டக்காரர்கள் விடுமுறை விட்ட நாள் அது என்பதால். இரண்டு மதமும் தோட்டத்தின் ஒரே குடியிருப்பு லைனில் வாழ்ந்த வரலாறு நம்முடையது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் திவசத்தன்று நேரடியாக முட்டிக்கொள்ளப் போவது அங்கேதான். தம்பியின் வேதாகமத்தில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8-ம் அதிகாரமும் 10-ம் அதிகாரமும் இதைப் பற்றியே பேசுகின்றன. விக்கிரகம் என்பது ஒன்றுமில்லை, உணவு நம்மைத் தேவனுக்கு நெருக்கமாக்கிவிடாது என்கிறார் பவுல். அதே மூச்சில், உன்னைப் பார்த்து இன்னொருவரின் மனசாட்சி இடறுமானால் சாப்பிடாதே என்கிறார். கடையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் விட்டுவிடு என்றும் சொல்கிறார். அவர் மதத்துக்குள்ளேயே இரண்டாயிரம் வருஷமாக யோசித்துவரும் ஒன்றை உங்கள் தம்பி பிடிவாதத்துக்காகச் சொல்லவில்லை என்பதைக் காட்டத்தான் இதைச் சொல்கிறேன். தயவுசெய்து இந்த வசனங்களை அவரை மடக்குவதற்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை வழி சின்னது, பல வீடுகளில் செய்வதும்கூட: சமைத்ததும் படைப்பதற்கு முன்பே ஒரு பாத்திரத்தில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதே பருப்பு, அதே கறி, அப்பாவுக்குப் பிடித்த அதே வடை. படைக்காத அந்தச் சாப்பாட்டை அவர் உங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். இதை அவர் ஏற்பாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். கேட்டால்தானே தெரியும்? அதேபோல நீங்களும் அண்ணன் அக்காமாரும் உங்களுக்குள் பேசி, இந்தத் திவசத்தில் எது இல்லாவிட்டால் மனம் ஆறாது, எது பழக்கத்தால் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சடங்கு வீட்டுக்கு வீடு மாறுவது உங்களுக்கே தெரியும்.

பாஸ்டரையும் பெரியவரையும் மோதவிடும் யோசனை வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டர்பனுக்குச் சமய விவாதம் புதிதல்ல. இங்கே வளர்ந்த இஸ்லாமியப் பிரசங்கி அகமது தீதாத் கிறிஸ்தவப் பிரசங்கிகளோடு மேடைபோட்டு வாதம் செய்தே உலகப் புகழ் பெற்றார். 1986-ல் அமெரிக்காவில் ஜிம்மி ஸ்வாகர்ட் என்ற கிறிஸ்தவப் பிரசங்கியோடு அவர் மோதியதை இன்றும் பார்க்கிறார்கள். அதை நான் குறைத்துப் பேசவில்லை. தன் மதத்தைப் படிக்கவே மறந்திருந்த பலரை அது படிக்க வைத்தது. ஆனால் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாராலும் "நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது" என்று சொல்ல முடியாது. சொன்னால் தன் கூட்டத்தை இழப்பார். நம் பழைய கதைகளிலும் இரண்டு வகையும் இருக்கின்றன. மதுரையில் சம்பந்தரும் சமணரும் ஏட்டைத் தீயிலும் ஆற்றிலும் இட்டு வாதம் செய்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. தோற்றவர்கள் கழுவேறினார்கள் என்று கதை முடிகிறது. அது வரலாற்றில் நடந்ததா என்பதற்கு வலுவான சான்று இல்லை, ஆனால் பந்தயம் கட்டிய வாதம் எங்கே போய் நிற்கும் என்பதை நம் முன்னோர் எப்படிக் கற்பனை செய்தார்கள் என்பது தெரிகிறது. மணிமேகலையோ வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய், உங்கள் கொள்கையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறாள். கேட்டபின் அவள் பௌத்தத்தில்தான் நிற்கிறாள், ஆனால் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்கு இந்த இரண்டாவது வகைதான் பொருந்தும்.

வாட்ஸாப் குடும்பக் குழுவும் ஒரு மேடைதான் என்பதை மறக்க வேண்டாம். 2018-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், எதிர்க்கட்சிக் கருத்துகளை ஒரு மாதம் ட்விட்டரில் தொடர்ந்து படிக்க வைத்தபோது, ஒரு சாரார் தங்கள் பழைய நிலையில் இன்னும் இறுகிப்போனார்கள். எதிர்க்கருத்து காதில் விழுந்தால் போதும், மனம் விரியும் என்பது சரியில்லை. யார் சொல்கிறார்கள், எந்த இடத்தில், யார் முன்னால் என்பதைப் பொறுத்தது அது.

பேச்சு எல்லா இடத்திலும் மருந்தாகாது. பேசினால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள், பிள்ளைகளைக் கண்ணில் காட்ட மாட்டார்கள் என்ற பயம் ஒரு பக்கத்தில் இருந்தால், அங்கே வெளிப்படையாகப் பேசச் சொல்வது பலவீனமானவரை மாட்டிவிடுவதாகும். அங்கே முதலில் பாதுகாப்பு. நடந்த தப்புக்குக் கணக்குச் சொல்லாமல் "வாங்க, மனம்விட்டுப் பேசலாம்" என்பதும் எடுபடாது. 2021 ஜூலை கலவரத்தில், இங்கே இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் 36 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கறுப்பர்கள். அதற்குப் பின் சமாதானக் கூட்டங்கள் என்றால், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முதலில் கேட்டது யார் செய்தது என்றுதான். அவர்கள் கேட்டது நியாயம். உங்கள் கடிதத்தில் இந்த மாதிரி அபாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கோபம் இருக்கிறது, துக்கம் இன்னும் ஆறாமல் இருக்கிறது. அது பேசக்கூடிய நிலைமை.

சரி, எப்படி ஆரம்பிப்பது? திவசத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருப்பது நல்லது, கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். நீங்கள் ஒருவர் மட்டும் தம்பியைப் பாருங்கள், அவர் வீட்டிலேயே, சாப்பாட்டு நேரம் தாண்டி. முடிந்தால் கையில் ஒரு வேலை வைத்துக்கொண்டு பேசுங்கள், அப்பாவின் போட்டோக்களைப் பிரித்து வைப்பது மாதிரி. முதல் கேள்வியாக "அன்றைக்கு நீ எதைச் செய்ய மாட்டாய்?" என்று கேளுங்கள், முழுவதும் சொல்லி முடிக்கட்டும், நடுவில் பதில் வேண்டாம். அப்புறம் "எதைச் செய்வாய்?" இந்த இரண்டாவது கேள்வியை இதுவரை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். அம்மாவைக் கூட்டிவருவதும் அவரே போட்டோவுக்குப் பூமாலை வாங்கிவருவதும், சடங்கு முடிந்தபின் எழுந்து நின்று அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதும் பல கிறிஸ்தவர்களுக்கு முடியக் கூடியவை. மாலையை அவரே போடுவாரா, உங்களிடம் கொடுத்துவிடுவாரா என்பதைக்கூட முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். அவர் சொன்னதை நீங்கள் எழுதிக்கொண்டு போய், கற்பூரத்தை யார் காட்டுவது என்பதைக் குருக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த நேரத்தில் அவர் தட்டைத் தம்பியிடம் நீட்ட மாட்டார். பாஸ்டரிடம் தம்பி தானே போய் ஆலோசனை கேட்க விரும்பினால் தடுக்க வேண்டாம், ஆனால் அது உங்கள் பேச்சுக்குப் பிறகு நடப்பது நல்லது.